தியலும மேலருவியில் கயிறிறக்கம்: கொஸ்லந்தை இளைஞர்களின் சேவை பற்றி

சென்ற ஏப்ரலில், சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்த என் பால்ய நண்பருடன், கொஸ்லந்தைப் பக்கத்து இளைஞர்கள் ஐவர் சேர்ந்து நடத்தும் கயிறிறக்கச் சேவைக்கு இருமுறை சென்றேன். இடுப்பில் பட்டி கட்டிக்கொண்டு, பாறையில் பொருத்திய கயிற்றின் வழியே செங்குத்தான நீர்வழியில் இறங்கும் விளையாட்டு அது. முதல்நாள் ஓர் அடிகூட இறங்காமல் திரும்பினோம். இரண்டு நாள் கழித்துத்தான் இறங்கினோம். இந்த மதிப்புரையில் நான் அதிகம் எழுதப்போவது இறங்காத அந்த முதல்நாளைப் பற்றித்தான், ஏனெனில் இந்தக் குழுவை நான் மற்றவர்களுக்குப் பரிந்துரைப்பதற்கான காரணம் அந்த நாளில்தான் இருக்கிறது. பெயரை வெளியிட வேண்டாம் என்று அவர்களே கேட்டுக்கொண்டார்கள்; வாரத்துக்கு இரண்டு குழுக்களுக்கு மேல் அழைத்துச் செல்ல அவர்களிடம் ஆளும் இல்லை, கயிறும் இல்லை. கொஸ்லந்தைக் கடைத்தெருவில் விசாரித்தால் வழி சொல்வார்கள்.

இடத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். தியலும 220 மீற்றர் உயரமுடையது. இலங்கையின் உயரமான நீர்வீழ்ச்சிகளில் பம்பரகந்தைக்கு அடுத்தது. பெரகலையிலிருந்து வெல்லவாய செல்லும் பாதையில், கொஸ்லந்தையைத் தாண்டியதும் பேருந்தின் ஜன்னலிலிருந்தே தெரியும். பலரும் வீதியில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். பூனாகலை ஓயா என்ற ஆறு அந்தப் பெரிய பாறையின் விளிம்பை அடைவதற்கு முன், மேலே மானாப்புல் மலைகளுக்கு நடுவே பல தட்டுகளாக விழுந்து, தட்டுக்குத் தட்டு குளம் கட்டி நிற்கிறது. கயிறிறக்கம் அந்த மேல் தட்டுகளில்தான் நடைபெறுகிறது, 220 மீற்றர் பாறையில் அல்ல. மேலே உள்ள குளங்களில் குளிக்கப் போய், பாசியில் வழுக்கி விளிம்பைத் தாண்டிவிட்டவர்களைப் பற்றிய செய்திகளைப் பத்திரிகையில் பலமுறை படித்திருக்கிறோம். அதனால் அந்த இடத்துக்கு யாருடன் போகிறோம் என்பது எனக்குச் சிறிய விடயமாகப் படவில்லை.

இந்த அருவிக்கே ஒரு கயிற்றுக் கதை உண்டு. மலைநாட்டுக்குத் துரத்தப்பட்ட இளந்தலைவன் ஒருவன், கணவாய்கள் எல்லாவற்றிலும் காவல் இருந்ததால், கொடிகளைத் திரித்துக் கயிறாக்கி, தன்னைத் தேடிவந்த பெண்ணை அந்தப் பாறையின் வழியே மேலே இழுத்தானாம். அவள் பாறையில் மோதி உயிர்விட, அந்தக் கொடுமை கண்ணில் படாதபடி தெய்வங்கள் நீரைப் பொழியச் செய்து மறைத்தன என்பார்கள். சிறுவயதில் கேட்டபோது அது காதல் கதையாகத்தான் தெரிந்தது. கயிறு பிடித்துப் பழகிய பிறகு கேட்டால், பாறை விளிம்பில் கயிறு உரசும் சத்தம்தான் முதலில் காதில் விழுகிறது.

என் நண்பரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் இந்த மதிப்பீட்டில் பாதி அவருடையது. அப்புத்தளைக்குக் கீழே ஒரே தோட்டத்தில், அடுத்தடுத்த லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், வளர்ந்தவர்கள் நாங்கள். அவர் சுவிட்சர்லாந்து போய்ப் பதினைந்து வருடங்கள் ஆகின்றன. அங்கே உடன் வேலை செய்யும் ஒருவரோடு சேர்ந்து, சறுக்குத் தளங்களுக்கு வெளியே, கயிற்றூர்தி போகாத மலைகளில் பனிச்சறுக்குப் பழகியிருக்கிறார். அவர்கள் தேடிப்போவது கூலுவார் எனப்படும் இடுக்குகளை. இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே உச்சியிலிருந்து அடிவாரம்வரை நேராக இறங்கும் குறுகிய பனி வாய்க்கால்கள் அவை. நாற்பது, நாற்பத்தைந்து பாகை சரிவு. சறுக்குப் பலகைகளை முதுகில் கட்டிக்கொண்டு, முள்ளடி பூட்டிய சப்பாத்தோடு விடியுமுன் ஏறத் தொடங்கி, வெயில் பட்டுப் பனி இளகுவதற்குள் இறங்கிவிட வேண்டும். ஒருவர் சறுக்கும்போது மற்றவர் பாறையோரம் ஒதுங்கி நின்று கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பார். இருவர் சேர்ந்தாற்போல் ஒருபோதும் இறங்குவதில்லை. பனிச்சரிவில் புதைந்தவரைப் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குள் தோண்டி எடுக்காவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு வேகமாகக் குறைந்துவிடும் என்பதாலும், அந்த நேரத்துக்குள் எந்த மீட்புக் குழுவாலும் வந்துசேர முடியாது என்பதாலும், ஒவ்வொருவரும் 457 கிலோஹேர்ட்ஸில் ஒலிக்கும் சமிக்ஞைக் கருவியை உடம்போடு கட்டி, நீண்ட தேடுகோலும் மண்வாரியும் முதுகுப்பையில் வைத்திருப்பார்கள். "மச்சான், கூட வர்றவன்தான் அங்க அம்புலன்ஸ்" என்று அவர் சொன்னபோது, அவர் வருடா வருடம் அனுப்பும் படங்களை நான் அதுவரை எவ்வளவு மேலோட்டமாகப் பார்த்திருக்கிறேன் என்று வெட்கமாக இருந்தது.

இக்குழுவிடம் போகுமுன் எனக்கு இருந்த தயக்கத்துக்கும் காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன், மலையகத்தின் மேற்குப் பக்கத்தில் வேறொரு நிறுவனத்தாருடன் அருவி இறங்கினேன். தலைக்கவசத்தின் தாடைப்பட்டி அறுந்திருந்ததை நூலால் முடிந்து கொடுத்தார்கள். கயிற்றின் மேலுறை ஓரிடத்தில் பஞ்சுபோலக் கிளம்பியிருந்ததைக் காட்டியபோது, "அது அப்படித்தான் இருக்கும்" என்று சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு இறங்கினேன். ஒன்றும் ஆகவில்லை, ஆனாலும் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இனி முதல்நாள். காலை ஏழு மணிக்குக் கொஸ்லந்தையில் வெயில் பளீரென்று அடித்தது. வானத்தில் ஒரு மேகம் இல்லை. குழுவின் தலைவர், எங்களைவிட மூத்தவர், நாங்கள் அண்ணன் என்றே அழைத்தோம், முச்சக்கர வண்டியில் எங்களை மேலே ஏற்றிச் செல்லும்போதே தொலைபேசியில் பேசிக்கொண்டு வந்தார். மறுமுனையில் பூனாகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்தெடுக்கும் அவருடைய சின்னம்மா. ஓயாவின் மேல்பகுதி அவருடைய லயத்துக்குப் பின்னால் ஓடுகிறது. ஒவ்வொரு இறக்கத்துக்கும் முந்தைய நாள் மாலையும் அன்று காலையும் அவர் ஆற்றைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. அதற்கு ஒவ்வொரு முறையும் குழு அவருக்குக் காசு கொடுக்கிறது. அன்பளிப்பாக அல்ல, கணக்கில் எழுதிக் கொடுக்கும் கூலியாக. முந்தைய நாள் அந்தியில் மேலே இடியுடன் நல்ல மழை என்று அவர் சொல்லியிருந்தார். மார்ச், ஏப்ரல் மாதங்களில் எங்கள் பக்கத்தில் பிற்பகலுக்குப் பிறகு இப்படி இடிமழை கொட்டுவது வழக்கம்தான். மேலே கொட்டினால் கீழே ஒரு துளிகூட விழாமலும் இருக்கும்.

அருவித் தட்டை அடைந்ததும் அண்ணன் எங்களுக்குப் பட்டி எதையும் தரவில்லை. ஒரு மானாத் தட்டையை ஒடித்து, குளத்தின் ஓரத்தில் நீர் தொடும் கோட்டில் நட்டார். பக்கத்துப் பாறையில் உட்காரச் சொன்னார். அவருடன் வந்த தம்பி போத்தலில் இருந்த தேத்தண்ணீரை எல்லோருக்கும் ஊற்றினார். இருபது நிமிடம் நாங்கள் அந்தத் தட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் அதன் அடி நனைந்தது. பிறகு இரண்டு விரல் உயரம் தண்ணீர் ஏறியது. தெளிவாக இருந்த நீரில் சருகும் சிறு சுள்ளியும் வரத் தொடங்கின. நிறம் மெல்ல மங்கி, கழுவிய சாயத் தண்ணீர்போல ஆனது. அண்ணன் தட்டையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, "இன்னைக்கு வேணாம் தம்பி. தண்ணி ஏறுது" என்றார். விளக்கமும் மன்னிப்பும் அத்துடன் முடிந்தன.

நான் ஏமாந்து போனேன் என்பதை மறைக்கவில்லை. அதற்காக இரண்டு மாதமாகத் திட்டமிட்டிருந்தோம். நண்பருக்கு விடுமுறை பன்னிரண்டு நாட்கள்தான். ஆனால் அவருடைய முகத்தில் நான் எதிர்பாராத ஒரு நிம்மதி தெரிந்தது. திரும்பி நடக்கும்போது என் தோளைத் தட்டி, "இவரோட இறங்கலாம் மச்சான்" என்றார். சென்ற பெப்ரவரியில் தானும் தோழரும் ஓர் இடுக்கின் உச்சிக்கு ஐம்பது மீற்றர் கீழே நின்று திரும்பியதை அப்போதுதான் சொன்னார். காற்று அடித்துச் சேர்த்த பனி ஒரு பலகைபோல இறுகியிருந்ததாம். காலை வைத்தபோது அடியில் வெற்றிடம் இருப்பதுபோல ஒலித்ததாம். நாலு மணிநேரம் ஏறியதை விட்டுவிட்டு, ஏறிய வழியிலேயே ஒவ்வோர் அடியாக இறங்கினார்களாம்.

தாவோசில் உள்ள பனி மற்றும் பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் குளிர்காலத்தில் மாலை ஐந்து மணிக்கும் காலை எட்டு மணிக்கும் ஆபத்து அறிக்கை வெளியிடும். ஒன்று முதல் ஐந்து வரை படிநிலை உண்டு. அதைப் பார்க்காமல் யாரும் மலைக்குக் கிளம்புவதில்லை என்றார். எங்களுக்கும் அப்படி ஒன்று இருக்கிறது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று படிநிலைகளில் எச்சரிக்கை விடுக்கிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை தாண்டினால் முதல் படி, 100 தாண்டினால் இரண்டாவது, 150 தாண்டினால் வெளியேறச் சொல்வது. அண்ணன் தன் கைத்தொலைபேசியில் அந்த அறிக்கைகளையும் பார்க்கிறார். பார்ப்பதற்கு அவருக்குக் காரணம் இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தைப் பக்கத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்களை மண் மூடியபோது, மண்வெட்டியுடன் ஓடியவர்களில் அவரும் ஒருவர். அந்த மலை பற்றி அதற்கு முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அன்று கண்டதைப் பற்றி அவர் அதற்கு மேல் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

முதல்நாளுக்கு எங்களிடம் வாங்கியது முச்சக்கர வண்டிக் கூலி மட்டும். முற்பணம் வாங்குவதே இல்லை என்பது அவர்களுடைய வழக்கம். முற்பணம் வாங்கிவிட்டால் இறங்காமல் திரும்ப மனம் வராது என்றார் அண்ணன். சேவை நடத்தும் மற்றவர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

இரண்டாம் முறை போனபோது தட்டை நனையவே இல்லை. அதன் பிறகும் உடனே கயிறு கட்டப்படவில்லை. பையிலிருந்து ஒரு சீ.ஆர். கொப்பியை எடுத்தார்கள். ஒவ்வொரு கயிற்றுக்கும் ஒரு பக்கம். வாங்கிய திகதி, இதுவரை எத்தனை இறக்கம், எந்தெந்த நாள் எவ்விடத்தில் உரசியது என்று பள்ளிக்கூடத்துக் கையெழுத்தில் எழுதியிருந்தது. கயிறு பத்தரை மில்லிமீற்றர் தடிப்பு, அதிகம் இழுபடாத வகை, அதன் முனையில் ஈஎன் 1891 என்ற ஐரோப்பியத் தரக்குறி. தம்பிமார் இருவர் எதிரெதிரே நின்று முழு நீளத்தையும் விரல்களுக்கு நடுவே மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தார்கள். கயிற்றின் மேலுறை நன்றாக இருந்தாலும் உள்ளே இருக்கும் இழைகள் நைந்திருந்தால் அந்த இடம் விரலுக்கு மெத்தென்று தட்டுப்படும். எனக்கும் தடவிப் பார்க்கக் கொடுத்தார்கள். முன்பு பஞ்சு கிளம்பிய கயிற்றில் இறங்கிய எனக்கு அந்த ஐந்து நிமிடம் எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்லி முடியாது.

பாறையில் இரண்டு தனித்தனி ஆணிகள். ஒன்று கழன்றாலும் மற்றது தாங்கும்படி கட்டு. கயிறு விளிம்பைத் தொடும் இடத்தில் பழைய தீயணைப்புக் குழாயை ஒரு முழ நீளத்துக்கு வெட்டி, அதற்குள் கயிற்றை நுழைத்திருந்தார்கள். இவற்றையெல்லாம் நண்பர் தலையாட்டிக்கொண்டே பார்த்தவர், கயிற்றின் கீழ்முனையில் முடிச்சு இல்லாததைக் கண்டதும் நின்றுவிட்டார். வறண்ட பாறையில் முனையில் முடிச்சுப் போடாமல் இறங்குவதே குற்றம் என்று அவருக்குப் பழக்கம். அண்ணன் பொறுமையாக விளக்கினார். கீழே இருப்பது தண்ணீர். சுழலில் அகப்பட்டவர் கயிற்றின் முனையைத் தாண்டி வழுக்கி வெளியேற வேண்டும். முடிச்சு இருந்தால், பட்டியில் மாட்டிக் கயிற்றை ஓடவிடும் இறக்கும் கருவி அதில் சிக்கி, ஆளை நீருக்கடியிலேயே பிடித்து வைத்துவிடும். ஆகவே கயிற்றை நீர்மட்டம் தொடும் அளவுக்கு மட்டும் விடுகிறார்கள். அதே காரணத்துக்காக மேல்கட்டும் இறுக்கி முடியப்படுவதில்லை. நடுவழியில் ஒருவர் நீர்த்தாரைக்குள் சிக்கினால், மேலே நிற்பவர் கயிற்றைத் தளர்த்தி ஆளோடு சேர்த்துக் கீழே இறக்கிவிட முடியும். நண்பர் இரண்டு கேள்வி கேட்டார், பதில் கிடைத்ததும் ஏற்றுக்கொண்டார். தெரிந்த ஒருவர் தெரிந்த இன்னொருவரிடம் கேட்பதைப் பக்கத்தில் இருந்து கேட்பது நல்ல படிப்பு.

அந்த ஏற்பாட்டின் அருமை பத்து நிமிடத்தில் எனக்கே தெரிந்தது. முதல் இறக்கம் ஏறத்தாழ முப்பது மீற்றர். நண்பர் முதலில் இறங்கி, குளத்தின் ஓரத்தில் நின்று கயிற்றின் கீழ்முனையைப் பிடித்துக்கொண்டார். கீழே இருப்பவர் கயிற்றை இழுத்து இறுக்கினால் எட்டு வடிவ இறக்கும் கருவி பூட்டிக்கொண்டு, மேலே இறங்குபவர் அந்தரத்தில் நின்றுவிடுவார். அவரை அந்த இடத்தில் நிறுத்துவதற்கு முன், சமதரையில் இரண்டு முறை செய்துகாட்டச் சொல்லிப் பார்த்தார் அண்ணன். அப்போதும் பக்கத்தில் ஒரு தம்பியை நிறுத்தினார். நான் பாதித் தூரம் இறங்கியதும் இடக்கால் பாசியில் வழுக்கி, உடல் திரும்பி, நேராக நீர்த்தாரைக்குள் போய்விட்டேன். தலைக்கவசத்தில் தண்ணீர் அறைந்தது. மூச்சு விட வாயைத் திறந்தால் தண்ணீர்தான் வந்தது. அங்கே கூப்பிட்டால் யாருக்கும் கேட்காது; அதற்காகத்தான் ஒவ்வொருவர் கழுத்திலும் ஊதுகுழல். ஒரு முறை ஊதினால் நிறுத்து என்று சொல்லித் தந்திருந்தார்கள். ஊதினேன். கீழே கயிறு இறுகியதை இடுப்பில் உணர்ந்தேன். மேலே அண்ணன் என்னைப் பார்த்துவிட்டுக் கையசைத்ததும் நண்பர் பிடியைத் தளர்த்த, மேல்கட்டு நெகிழ்ந்து, ஒரு மீற்றர்போலக் கீழே இறக்கப்பட்டேன். தாரைக்கு வெளியே சிறு பாறைத் தட்டு காலுக்குக் கிடைத்தது. எல்லாம் அரை நிமிடத்துக்குள். கீழே வந்ததும் நண்பர் ஒன்றும் பேசாமல் என் பட்டியின் கொக்கிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுச் சரிபார்த்துவிட்டு, அடுத்த இறக்கத்துக்கு என்னை முன்னால் போகச் சொன்னார்.

குறைகளும் உண்டு, அவற்றை அவர்களிடம் நேரிலேயே சொல்லிவிட்டேன். இடுப்புப் பட்டிகள் ஆறுதான், எல்லாம் ஒரே அளவு. எங்களுடன் அன்று வந்திருந்த மெலிந்த பெண் ஒருவருக்கு, இடுப்பில் பட்டியை எவ்வளவு இழுத்தும் இரண்டு விரலுக்கு மேல் இடைவெளி இருந்தது. அவரை இறக்க முடியாது என்று மறுத்துவிட்டார்கள். மறுத்தது சரி, ஆனால் பதிவு செய்யும்போதே இடுப்பளவைக் கேட்டிருந்தால் அவர் வெலிமடையிலிருந்து அவ்வளவு தூரம் வந்திருக்க வேண்டியதில்லை. ஈர உடை மாற்ற மறைவான இடம் இல்லை. ஒரு தார்ப்பாயாவது கட்டலாம். காயம் பட்டால் எப்படி வெளியே கொண்டுவருவது என்பதற்கு மடக்கும் தூக்குப்படுக்கை வைத்திருக்கிறார்கள், ஆனால் கடுமையான காயத்துக்குப் பதுளைக்குத்தான் போக வேண்டும் என்பதையும், அதற்கு எவ்வளவு நேரமாகும் என்பதையும் தொடக்கத்திலேயே வருபவர்களிடம் சொல்ல வேண்டும்.

என்னை வருத்திய குறை வேறொன்று. கையெழுத்திடும் பொறுப்புப் பத்திரம் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும் இருக்கிறது. குழுவில் மூவர் தமிழர். வருபவர்களில் பலர் தோட்டப் பிள்ளைகள். கருவிகளில் அத்தனை கவனம் காட்டுபவர்கள், தாம் எதற்கு உடன்படுகிறோம் என்று ஒருவர் தன் மொழியில் படித்துப் பார்ப்பதும் பாதுகாப்புதான் என்பதை எப்படி மறந்தார்கள் என்று தெரியவில்லை. அண்ணன் மறுக்கவில்லை. அச்சடித்துக் கொடுத்தவர் தமிழில் செய்ய ஆள் இல்லை என்றாராம். அன்று மாலையே நண்பரும் நானும் கொஸ்லந்தையில் ஒரு கடையில் ரொட்டியும் கட்டச் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டு இரண்டு பக்கத்தைத் தமிழில் எழுதிக் கொடுத்தோம்.

கட்டணம் ஒருவருக்கு 9,000 ரூபாய். பட்டி, தலைக்கவசம், மதியச் சோறு எல்லாம் அதில் அடங்கும். நண்பரின் கடவுச்சீட்டு சுவிஸ் என்பதற்காக வேறு விலை கேட்கவில்லை. போகிறவர்கள் பிடிப்புள்ள பழைய சப்பாத்தும் முழுக்காற்சட்டையும் அணிந்து போங்கள். நீண்ட முடியைப் பின்னிச் சட்டைக்குள் செருகிக்கொள்ளுங்கள், இறக்கும் கருவிக்குள் முடி சிக்கினால் அதைவிட வேதனை இல்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை நீர் குறைவு, அதுவே முதல்முறை வருபவர்களுக்கு ஏற்ற காலம். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை அவர்கள் யாரையும் அழைத்துச் செல்வதில்லை. அந்த மாதங்களில் ஐவரும் தோட்ட வேலைக்கும் மேசன் வேலைக்கும் போகிறார்கள். உங்கள் பயணத்தில் ஒருநாளை உபரியாக வைத்துக்கொள்ளுங்கள், முதல்நாள் திருப்பி அனுப்பப்பட்டால் பயன்படும்.

நண்பர் சுவிஸ் திரும்பும்போது தன் காராபினர் கொக்கிகளில் நான்கையும் சிறிய அளவுப் பட்டி ஒன்றையும் அவர்களிடம் விட்டுச் சென்றார். கொப்பியில் அவற்றுக்கும் ஒரு பக்கம் திறந்து, அன்றைய திகதியைப் போட்டார்கள். ஓகஸ்டில் என் தங்கையை அழைத்துக்கொண்டு மறுபடி போகிறேன். மற்றப் பட்டிகளும் தார்ப்பாயும் தமிழ்ப் பத்திரமும் வந்துவிட்டனவா என்று பார்த்து எழுதுகிறேன்.